சரிபார்த்தவர் கையொப்பம்

விற்பனைக்கு வந்த கம்பெனிக்குள் நான் நுழைந்தால் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை நான் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்வதில்லை. கம்பெனிகளுக்கு விலை சொல்வது என் தொழில். வீடு வாங்கும் முன் சுவரைத் தட்டிப் பார்க்கிற ஆள் மாதிரி, முதலில் வரவு செலவைத் தட்டிப் பார்ப்பேன். பெயரும் சின்னமும் யார் கையில் இருக்கின்றன என்று பார்ப்பேன். போட்டிக்காரர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று விசாரிப்பேன். எங்காவது உள்ளே வெற்றாகச் சத்தம் கேட்டால் அங்கேயே நின்றுவிடுவேன், யார் முகம் சுளித்தாலும் நகர மாட்டேன். எனக்கு வாய் நீளம் என்று தொழிலில் ஒரு பெயர் உண்டு. அதை நான் மறுத்ததில்லை.

இந்த முறை போனது ஒரு பொறியியல் ஆலோசனை நிறுவனத்துக்கு. கட்டடம் கட்டுவது இவர்கள் வேலை இல்லை. கட்டடம் நிற்க எத்தனை தூண் வேண்டும், எவ்வளவு கம்பி, தளம் எவ்வளவு கனம் என்று கணக்குப் போட்டு வரைபடமாகக் கொடுப்பதோடு சரி. ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஆபீஸ். லிஃப்ட் இருந்தது. ஆனால் ஆபீஸ்காரர்கள் ஒருவரும் அதில் ஏறி நான் பார்க்கவில்லை. அதைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியுமோ என்று நானும் படியிலேயே ஏறினேன்.

சொந்தக்காரர்கள் இரண்டு பேர். மூத்தவரை ஆபீஸ் முழுக்கப் பெரியவர் என்றது. இன்னொருவர் அவருடைய மனைவியின் தம்பி. அவர் பெயர் தம்பி சார். அவருக்கு ஐம்பது தாண்டி, முன்மண்டை பளபளக்க ஆரம்பித்துவிட்டது, ஆனாலும் தம்பிதான். இரண்டு பேர் அறைகளுக்கும் நடுவில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்து கணக்கு வழக்கைப் பார்த்துக்கொண்டது பெரியவரின் மனைவி. எல்லோருக்கும் அவர் அக்கா. விலை சொல்லப் போன இடத்தில் நான் யாரையும் உறவு வைத்துக் கூப்பிடுவதில்லை. ஆனால் முதல் நாள் மாலைக்குள் என் வாயிலும் அக்கா என்று வந்துவிட்டது.

வாங்க முன்வந்திருந்தது ஒரு பெரிய கம்பெனி. தம்பி சார் இன்னும் சில வருடம் இருந்து நடத்த வேண்டும், பெரியவர் விற்பனையோடு விலகிவிட வேண்டும் என்பது நிபந்தனை. அவர்கள் அடிமாட்டு விலைக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று இவர்கள் என்னை வைத்துக்கொண்டார்கள். விற்றே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவர் தம்பி சார்தான். பெரியவருக்குத் துளியும் மனசில்லை. அதை அவர் என்னிடம் மறைக்கவும் இல்லை.

"எனக்கு இதுல இஷ்டம் இல்ல மேடம். ஆனா பாதி அவனோடது. அவன் போதும்னு சொன்னா நான் என்ன பண்றது? பிடிச்சு வைக்க முடியுமா?"

அக்கா பக்கத்திலிருந்து சிரித்துக்கொண்டே சொன்னார். "இந்த நாற்காலியை விட்டுட்டு வீட்டுல சும்மா இருப்பார்னு நினைக்கறீங்களா? என் சமையல் கட்டுச் சுவத்தை அளந்துக்கிட்டு நிப்பார். இந்த அலமாரி தாங்காது, அந்தப் பரண் தாங்காதுன்னு பாத்திரத்தையெல்லாம் இறக்கி வைப்பார்."

சிரிப்போடுதான் சொன்னார். ஆனால் அவருக்கு உள்ளுக்குள் பயம் இருந்தது. அந்த மனிதர் வேலையில்லாமல் எப்படி உட்காருவார் என்கிற பயம்.

நான் அங்கேயே மனதுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டேன். அக்கா புருஷன் தூக்கிவிட்டு ஆளான மனுஷன், இப்போது அவரையே வாசலில் கொண்டுபோய் விடப் பார்க்கிறார். இப்படி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். தம்பி சார் டீ வேண்டுமா என்று கேட்டபோது வெடுக்கென்று வேண்டாம் என்றேன். பெரியவர் கேட்டபோது வாங்கிக் குடித்தேன்.

அந்த ஆபீஸில் ஒரு வழக்கம். ஒவ்வொரு வரைபடத்தின் வலது கீழ் மூலையிலும் ஒரு கட்டம், அதற்குள் ஒரு தூணும் அதன்மேல் ஒரு வளைவுமாக அவர்களுடைய சின்னம், அதன் கீழே இரண்டு வரிகள். ஒன்று 'செய்தவர்', இன்னொன்று 'சரிபார்த்தவர்'. இரண்டிலும் ஒரே ஆள் கையெழுத்துப் போடவே கூடாது. செய்தவனுக்குத் தன் தப்பு தெரியாது என்பது பெரியவர் வகுத்த சட்டம். சரிபார்க்கிறவர் சிவப்புப் பேனாவை எடுத்து ஒவ்வோர் எண்ணின்மேலும் டிக் போட்டுக்கொண்டே வர வேண்டும், பிறகுதான் கையெழுத்து. பெரிய வேலைகள் எல்லாவற்றையும் தம்பி சார் செய்வார், பெரியவர் சரிபார்ப்பார். இது முற்றிப்போய், கடிதம், லீவு விண்ணப்பம், டீக்கடைக்குக் கொடுத்தனுப்பும் சீட்டு வரை சிவப்பு டிக் இல்லாமல் அந்த ஆபீஸை விட்டு ஒரு காகிதம் வெளியே போகாது. பெரியவர் டிக் இருந்துவிட்டால் அதற்குமேல் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதும் இல்லை. ஊழியர்கள் இதைப் பெருமையாகச் சொன்னார்கள். நானும் பெருமையாகத்தான் குறித்துக்கொண்டேன்.

வரவு செலவைத் தட்டியதும் முதல் சத்தம் கேட்டது. வேலை வருடா வருடம் கூடிக்கொண்டே வந்தது. லாபம் மட்டும் கடைசி வருடத்தில் இளைத்துப் போயிருந்தது. எங்கே ஓட்டை என்று பார்த்தால், 'பிரிண்டிங் செலவு' என்ற தலைப்பு கொழுத்துக் கிடந்தது. அக்காவைக் கேட்டேன்.

"அதைத் தம்பிகிட்டயே கேளுங்கம்மா" என்று சொல்லிவிட்டு அவர் அலமாரியைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தார். எதைத் தேடினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

தம்பி சார் என்னை நிமிர்ந்து பார்க்காமலேயே பதில் சொன்னார். "பெரிய சைஸ் பேப்பர் மேடம். விலையெல்லாம் ஏறிப்போச்சு."

"பாதி வரைபடத்தை ஈமெயில்ல அனுப்பறீங்க. எந்தப் பேப்பர் சார்?"

"கலர் பிரிண்ட்."

"உங்க வரைபடத்துல இருக்கற ஒரே கலர் உங்க அத்தானோட பேனா. அதுக்குத் தனியா பிரிண்ட் போடணுமா?"

அவருக்கு உடனே ஒரு போன் வந்துவிட்டது. போன் அடித்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

அடுத்தது டிரேட்மார்க். ஆலோசனை நிறுவனத்துக்கு மிஷின் கிடையாது, சரக்கு கிடையாது. ஆட்களும் பெயரும்தான் சொத்து. அந்தத் தூணும் வளைவும் போட்ட சின்னத்தைப் பார்த்தாலே வேலை கொடுக்கிறவர்கள் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போடுவார்கள் என்று இரண்டு மூன்று பேர் என்னிடமே சொன்னார்கள். அதனால் பதிவுச் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். காலாவதியாகி மாதக்கணக்கில் ஆகியிருந்தது. புதுப்பிக்கும் படிவம் கோப்பில் பத்திரமாக இருந்தது. ஒரு கட்டத்தில்கூட எதுவும் எழுதவில்லை. எல்லாம் வெறும் கட்டம். ஆனால் ஒவ்வொரு வெறும் கட்டத்தின்மேலும் அழகாக ஒரு சிவப்பு டிக். கீழே 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் பெரியவரின் கையெழுத்து. 'செய்தவர்' என்ற இடத்தில் யாரும் இல்லை.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எங்கேயும் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. செய்யாத வேலையைச் சரிபார்த்து, கோப்பில் போட்டு, முடிந்தது என்று நிம்மதியாக இருந்திருக்கிறார்கள்.

"டிக் இருந்துச்சும்மா" என்றார் அக்கா. "டிக் இருந்தா அப்புறம் யார் பிரிச்சுப் பாப்பாங்க? அனுப்பியாச்சுன்னு உள்ள வெச்சுட்டேன்."

பெரியவர் அந்தப் படிவத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பக்கத்தைத் திருப்பினார், மறுபடி முன்னால் திருப்பினார். "என் கையெழுத்துதான்" என்றார்.

தம்பி சார் பாய்ந்து வந்து அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "விடுங்க அத்தான். அபராதம் கட்டினா திருப்பி எடுத்துக்கலாம், இன்னும் டைம் இருக்கு. நான் பாத்துக்கறேன். இது ஒரு விஷயமா?"

யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. அவர் ஏன் இப்படிப் பதறுகிறார் என்று எனக்குப் பிடிபடவில்லை. பெரிய கம்பெனி காதுக்குப் போனால் விலை குறைந்துவிடும் என்ற பயம் என்று நினைத்துக்கொண்டேன். பணத்தாசை பிடித்தவர் என்று இன்னும் ஒரு சுற்று வெறுத்தேன்.

மூன்றாவது, போட்டிக்காரர்கள். ஊரில் இவர்களோடு மோதக்கூடிய நிறுவனங்கள் சில இருந்தன. அவற்றில் வேகமாக மேலே வந்துகொண்டிருந்தது ஒரு சின்ன நிறுவனம். அதை நடத்துகிறவர் ஒரு காலத்தில் இங்கே வேலை பார்த்தவர். தலைமுடியை வைத்து அவருக்குச் சுருட்டை என்று இங்கே பெயர். அவரைப் பார்க்கப் போகிறேன் என்றதும் தம்பி சார் வாசலை மறிக்காத குறை.

"அவனைப் பார்த்து என்ன ஆகப் போகுது மேடம்? சின்னப் பசங்க. அவங்க நமக்குப் போட்டியே இல்ல."

வேண்டாம் என்று ஒருவர் சொல்கிற இடத்துக்கு முதலில் போக வேண்டும் என்பது என் பழக்கம். அன்று மத்தியானமே போனேன்.

ஒரு மருந்துக் கடைக்கு மேலே இரண்டு அறைகள். சுருட்டையின் முடி இப்போதும் சுருட்டைதான், நரைத்திருந்தது. நாற்காலி இழுத்துப் போட்டார். நான் உட்காருவதற்கு முன்பே அவர் மேசையில் விரித்துக் கிடந்ததைப் பார்த்துவிட்டேன். வலது கீழ் மூலையில் தூணும் வளைவும். பெரியவரின் சிவப்பு டிக்குகள். ஒரு வரைபடம் இல்லை, ஒரு கட்டு.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "அவங்க வரைபடம் உங்க மேசைல எப்படி வந்துச்சு?"

அவர் சட்டென்று ஒரு செய்தித்தாளை எடுத்து மேலே போட்டார். அது பாதியைக்கூட மறைக்கவில்லை.

"சோறு போட்ட இடத்துலயே திருடறீங்களா? ஒரு போன் போட்டா உங்க பிழைப்பு என்ன ஆகும்னு தெரியுமா?" என்று கையும் களவுமாகப் பிடித்த தைரியத்தில் கத்தினேன். பக்கத்து அறையில் கீபோர்டு சத்தம் நின்றது.

சுருட்டை எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். கோபப்படவில்லை. "திருடினா செய்தித்தாள் போட்டா மூடுவேன்? உள்ள வெச்சுப் பூட்ட மாட்டேனா? தம்பி சார்தான் அனுப்பறார் மேடம். நாங்க திரும்பச் சரிபார்த்துக் கொடுக்கறோம்."

"பெரியவர்தான் பாத்துட்டாரே. டிக் இருக்கே."

"அதான் மேடம்" என்றார். "அதுக்குமேலதான் நாங்க பாக்கறோம்."

வரைபடத்தில் ஓர் இடத்தில் விரலை வைத்தார். எனக்குப் பொறியியல் தெரியாது. ஆனால் பக்கத்துப் பக்கத்துத் தூண்களுக்கு ஒரே மாதிரி இருந்த எண், ஒன்றில் மட்டும் வேறாக இருந்தது கண்ணுக்குத் தெரிந்தது. பெரியவர் ஆபீஸில் யாரோ தட்டச்சில் விட்ட தப்பு. அதன்மேலும் சிவப்பு டிக் இருந்தது.

"எனக்கு இந்த வேலையைக் கத்துக் கொடுத்தவர் மேடம் அவர்" என்றார் சுருட்டை. "ஒரு புள்ளி தப்பினாலும் கூப்பிட்டு நிக்க வெச்சுக் கேப்பார். இப்ப அவர் டிக் இருந்தா நான் முதல்லேர்ந்து கணக்குப் போட்டுப் பாக்கறேன். நான் சொன்னதா யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

பிரிண்டிங் செலவு எங்கே போகிறது என்று தெரிந்துவிட்டது. டிரேட்மார்க் படிவத்தைப் பார்த்து நான் சிரித்ததும் நினைவுக்கு வந்தது. எனக்கே என்மேல் எரிச்சலாக இருந்தது.

திரும்பி வந்து தம்பி சாரைப் படிக்கட்டுக்குக் கூப்பிட்டேன். சுருட்டை பெயரை எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்ததுமே அவர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"போன வருஷம் ஒரு வேலை. கான்கிரீட் போடற அன்னிக்குக் காலைல தற்செயலா சைட்டுக்குப் போனேன். பாத்தா ஒரு உத்தரத்துல கம்பி பாதிதான் இருக்கு. வரைபடத்துலயே அப்படித்தான் போட்டிருக்கு. நான் பண்ணின தப்பு மேடம், அவர் மேல ஒண்ணும் இல்ல. ஆனா அவர் அதைப் பிடிச்சிருக்கணும். அவர் கண்ணுக்குத் தப்பினதே கிடையாது. அன்னிலேர்ந்து ராத்திரி தூக்கம் இல்ல. அதுக்கப்புறம் அவர் டிக் போடறதையெல்லாம் எடுத்துப் பார்க்க ஆரம்பிச்சேன்."

"அவர்கிட்ட சொன்னீங்களா?"

"எப்படிச் சொல்றது? எங்க அப்பா போனப்புறம் என்னைப் படிக்க வெச்சவர். அவர் முன்னாடி நின்னு, அத்தான் உங்களுக்கு முன்ன மாதிரி மூளை ஓடலைன்னு சொல்லச் சொல்றீங்களா? அக்கா முகத்துல எப்படி முழிப்பேன்? வித்துட்டா அவர் மரியாதையோட போயிடுவார். விலகணும்கற நிபந்தனையைப் போடச் சொன்னதே நான்தான். என்னைத் திட்டிட்டுப் போகட்டும், பரவாயில்ல."

நான் அவரைப் பற்றி எழுதி வைத்திருந்த தீர்ப்பைக் கிழித்துப் போட வேண்டியிருந்தது. ஆனால் கோபம் போகவில்லை. இடம் மாறியது, அவ்வளவுதான்.

"உங்க மரியாதையெல்லாம் சரி சார். கட்டடத்துக்கு அது தெரியுமா?"

"அதனாலதானே வெளியில குடுத்துப் பார்க்கறேன். ஒண்ணுகூடத் தப்பிப் போகலை." கைகூப்பாத குறையாகக் கேட்டார். "மேடம், பிரிண்டிங்னே போட்டுடுங்க. அது பொய் இல்ல. காகிதம்தானே போயிட்டு வருது?"

"என் காதுல பூ சுத்தாதீங்க. நான் கையெழுத்துப் போடற இடத்துல அப்படி எழுத மாட்டேன்."

நான் அதை எழுதினேன். அலங்காரம் இல்லாமல் எழுதினேன். மூத்த பங்குதாரரின் சரிபார்ப்பை இப்போது நம்பியிருக்க முடியாத நிலையில், கடந்த ஆண்டிலிருந்து எல்லா வரைபடங்களும் வெளியில் கொடுத்து மறுபடி சரிபார்க்கப்படுகின்றன. பிரிண்டிங் என்று காட்டப்படும் செலவு அதற்கானது. இந்த வாக்கியத்தைத் தட்டிவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. ஒரு மனிதரைப் பற்றி அவரே படிக்கப் போகிற இடத்தில் இப்படி எழுதுவது என் வாய்க்கும் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் ஒப்பந்தப்படி வரைவு அறிக்கை இரண்டு பங்குதாரர்களுக்கும் போக வேண்டும், அவர்கள் படித்துத் தகவல் சரி என்று ஒப்புக்கொண்ட பிறகே நான் விலையைப் போட முடியும். இரண்டு உறையில் போட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்த வாரக் கடைசியில் கூப்பிட்டார்கள். ஆபீஸில் நடுவில் இருந்த பெரிய மேசையைச் சுற்றி மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். தம்பி சார் என்னைப் பார்க்கவில்லை, அத்தானையும் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் முன்னால் என் அறிக்கை இருந்தது. பக்கம் பக்கமாகச் சிவப்பு டிக்.

"இதை எத்தனை தடவை படிச்சேன்னு தெரியல" என்றார் பெரியவர். "நடுவுல போனா மேல என்ன இருந்துச்சுன்னு மறந்து போயிடுது. மறுபடி மேலேர்ந்து வருவேன். அதனால லேட். மன்னிச்சுக்கணும்."

"பரவால்ல சார்."

"ஒரு இடத்துல தப்பு இருக்கு. திருத்தி வெச்சிருக்கேன்."

எனக்குச் சுரீர் என்றது. என்ன திருத்தியிருப்பார் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். மறுக்கப் போகிறார், கத்தப் போகிறார், நானும் பதிலுக்குக் கத்த வேண்டியிருக்கும். அறிக்கையை என் பக்கம் தள்ளினார். அந்த வாக்கியத்தில் 'நம்பியிருக்க முடியாத' என்ற சொல்லின்மேல் ஒரு டிக் இருந்தது. 'கடந்த ஆண்டிலிருந்து' என்பதை அடித்து, மேலே நடுக்கமில்லாத எழுத்தில் 'அதற்கும் முந்தைய ஆண்டிலிருந்து' என்று எழுதியிருந்தார்.

"வெளியில குடுக்க ஆரம்பிச்சது போன வருஷம்தான் சார்" என்றேன்.

"அது சரி. எனக்கு இப்படி ஆனது அதுக்கும் முன்னாடி."

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். தம்பி சார் ஜன்னலிலிருந்து திரும்பினார்.

"முதல்ல நானே நம்பலை" என்றார் பெரியவர். கணக்கை விளக்குகிற குரலில்தான் சொன்னார். "வயசாச்சு, தூக்கம் இல்ல, அப்படின்னு நினைச்சேன். ஒரு பக்கத்தோட அடியில நிப்பேன், மேல பாத்ததெல்லாம் துடைச்ச மாதிரி இருக்கும். அப்படியே டிக் போட்டுடுவேன். தப்பு இருந்தா இவன் வந்து கேப்பான்னு இருந்தேன். இவன் கேக்கவே இல்ல. கேக்கலைன்னா எல்லாம் சரியா இருக்குன்னு எடுத்துக்கிட்டேன்."

"அத்தான்..." என்று தம்பி சார் நாற்காலியை அவர் பக்கம் இழுத்தார்.

"நீ ஏன்டா கேக்கலை?"

"எப்படிக் கேப்பேன்?"

"நான் ஏன் உங்கிட்ட சொல்லலைன்னு என்னைக் கேளு" என்றார் அக்கா. அவர் அழுதுகொண்டிருந்தார், ஆனால் பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டாக வந்தது. "வண்டி ஓட்டிட்டு வரும்போது நம்ம தெருவுக்கு எப்படித் திரும்பணும்னு என்னைக் கேட்டாரே, அன்னிக்கே எனக்குத் தெரியும். பிரிண்டிங்னு நீ எழுதிக் குடுத்தப்பவும் தெரியும். நான் ரெண்டு பேர்கிட்டயும் வாயைத் திறக்கலை. மூணு பேரும் சேர்ந்து நல்லாப் பாத்துக்கிட்டோம் போ."

அப்போதுதான் எனக்கு அந்தத் திருத்தத்தின் கனம் உறைத்தது. வெளியில் சரிபார்க்க ஆரம்பித்தது போன வருடம். பெரியவருக்கு நினைவு கைவிட்டுப் போனது அதற்கு முந்தைய வருடம். அப்படியானால் நடுவில் ஒரு வருட வரைபடங்களை யாருமே சரிபார்க்கவில்லை. அந்தக் கட்டடங்கள் எழும்பிவிட்டன. அவற்றுக்குள் இப்போது ஆட்கள் இருக்கிறார்கள்.

தம்பி சாருக்கும் அது புரிந்துவிட்டது. "அத்தான், அந்தத் திருத்தம் வேண்டாம். அதை எழுதினா ஒருத்தனும் வாங்க மாட்டான். நமக்கு இருக்கற பேர் போயிடும்."

"வாங்கறது கிடக்கட்டும். அந்த வருஷம் நாம என்னென்ன பண்ணினோம்?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒரு கிடங்கு. ஆற்றோரம் கட்டிய அடுக்குமாடி. ஒரு கடைத்தொகுதி. அதற்கப்புறம் கொஞ்சம் நிறுத்திவிட்டு, பள்ளிக்கூடம் என்றார்.

"பள்ளிக்கூடம் எத்தனை மாடி?" என்று நான் கேட்டேன். கேட்க எனக்கு உரிமை இல்லை. வாய் சும்மா இருக்கவில்லை.

"மூணு."

"அது நான் போட்டது" என்று தம்பி சார் எழுந்துவிட்டார். "நல்லா ஞாபகம் இருக்கு அத்தான். ரொம்பக் கவனமாப் போட்டேன். அதுல ஒண்ணும் இருக்காது. சரியாத்தான் இருக்கும்."

"அதைச் சொல்ல நீ யாருடா?" என்றார் பெரியவர். "நீ செய்தவன்."

தம்பி சார் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, என் முன்னாலேயே சுருட்டையைக் கூப்பிட்டார். இருக்கிற வேலையையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு ஆட்களோடு உடனே வா, பள்ளிக்கூட வரைபடம் எல்லாம் எடுத்து வைக்கிறேன் என்றார். எதற்கு என்று அந்தப் பக்கத்திலிருந்து கேள்வி வந்திருக்க வேண்டும். "நேர்ல சொல்றேன். அத்தானும் இருக்கார்" என்றார்.

நான் என் அறிக்கையை எடுத்துப் பைக்குள் வைத்தேன். இப்போது இதற்கு என்ன விலை என்று கேட்டால் எனக்கு ஒரு பதில் இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை. பெரிய கம்பெனிக்கு என்ன சொல்வது என்பதும் அன்று பேச்சில் வரவே இல்லை.

அக்கா மேசைத் தொலைபேசியை இழுத்து வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போட்டார். மாடியில் இருக்கிற வகுப்புகளை இன்றைக்கே கீழே இறக்க முடியுமா என்று கேட்கத்தான். அந்தப் பக்கம் எடுத்தவுடன் அவருக்கு வாய் எழவில்லை. யார் பேசுவது, யார் பேசுவது என்று இரண்டு தடவை கேட்டது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

பெரியவர் கையை நீட்டினார்.

"இங்க குடு. கையெழுத்து என்னோடது."

வாங்கிக் காதில் வைத்து, தன் பெயரைச் சொல்லி, உங்கள் கட்டடத்தைச் சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போட்டது நான்தான், நான் அதைச் சரிபார்க்கவில்லை என்று சொன்னார்.